சொல் காதில் விழுகிறதா?

பாட்டுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "விலை என்ன?" என்பது முதலாவது. "எத்தனை வாட்?" என்பது இரண்டாவது. "எப்படி அதிரும்?" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கடைக்காரர் குமிழைத் திருகியதும் அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறதா என்று ஓரக் கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். நடுங்கினால் திருப்தியுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. தமிழ்க் குடும்பம் ஒன்று முதன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது நம்முடைய தாழ்மையான அபிப்பிராயம். "இதிலே பாடினால் சொல் காதில் விழுமா?" என்பதே அந்தக் கேள்வி.

இதை நமக்கு நினைவூட்டியவர் ஏலாக்குறிச்சியிலிருந்து கடிதம் எழுதியிருக்கும் ஓர் இளைஞர். கரும்பு விற்ற பணத்தில் அவர் வீட்டில் 'ஹோம் தியேட்டர்' ஒன்று வாங்கினார்களாம். நாலு மூலைக்கு நாலு பெட்டி, நடுவில் ஒன்று, அதிர வைப்பதற்கென்றே கனமான 'வூஃபர்' ஒன்று, ஆக ஆறு உருப்படிகள். வீட்டில் எல்லோருக்கும் ஆனந்தம். அப்பாயிக்கு மட்டும் இல்லை. பழைய பாட்டுக்களை அடி பிசகாமல் சொல்லக்கூடிய அந்த மூதாட்டி, பெட்டி பாடத் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் கூடத்தை விட்டு எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறாராம். "என்னடா தம்பி பாடறான்? ஒண்ணுமே வெளங்கலையே" என்பது அவர் கூறும் காரணம். "அப்பாயிக்குக் காது போய்விட்டது" என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பேரனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். கொல்லைப்புறத்தில் தாம் மெதுவாகப் பேசினால்கூட அப்பாயி சரியாகப் பதில் சொல்லுகிறாரே என்பது அவருடைய சந்தேகம். "இந்தச் செட்டைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்று வாங்கலாமா? அல்லது அப்பாயிக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பது நம் பதில். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே தீர்ப்பு தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பாட்டிமார்களின் மேல் வழங்கப்பட்டிருக்கும் என்று நாம் அஞ்சுகிறோம். காது செவிடு என்று ஒருவரைப் பற்றி ஒரு தடவை முடிவு செய்துவிட்டால், பிறகு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆகவே இது வெறும் பாட்டுப் பெட்டி விஷயம் அல்ல.

முதலில், கடிதம் வந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளிடத்துக்கு வடக்கே, திருமானூருக்கு அருகில் உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்றும் பெயர். இத்தாலி தேசத்தில் 1680-ல் பிறந்து, முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்து, தமிழ்ப் புலவராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர் வாழ்ந்து, அடைக்கல அன்னையின் ஆலயத்தை எழுப்பி, கலம்பகம் பாடிய ஊர் அது. அவர் சமயப் பணி ஒரு புறம் இருக்கட்டும். தமிழ் எழுத்துக்கு அவர் செய்த பணியைத்தான் இங்கே குறிப்பிட வேண்டும்.

பழைய ஓலைச் சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். குறில் என்று காட்டுவதற்கு மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கண விதி. ஆனால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பயந்து ஏடு எழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். 'கெடு' என்று எழுதியிருக்கிறதா, 'கேடு' என்று எழுதியிருக்கிறதா, 'கொடை'யா, 'கோடை'யா என்பதைப் படிப்பவர் தம் சாமர்த்தியத்தால் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, நெடிலுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் தந்தவர் என்று வீரமாமுனிவரைத் தமிழுலகம் போற்றுகிறது. 'ஏலாக்குறிச்சி' என்று எழுதும்போது அந்த ஊரார் முதலில் போடும் எழுத்தே அவர் விட்டுச் சென்ற அடையாளம் எனலாம்.

நாவில் பிறந்த ஒலி, ஓலையில் ஏறும்போது கெட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் கவலைப்பட்டார் அல்லவா? பாட்டுப் பெட்டி விஷயத்திலும் நாம் படவேண்டிய கவலை அதுவேதான். ஓலைக்குப் பதில் இப்போது தட்டும் நாடாவும் கைப்பேசியும் வந்திருக்கின்றன. குறிலும் நெடிலும், லகரமும் ளகரமும் ழகரமும் பாடகர் வாயிலிருந்து நம் செவிக்கு வழியில் சிதையாமல் வந்து சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பதே நல்ல கருவி.

சொல் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அது எங்கே தொலைகிறது என்பது விளங்கும். ஒலியை, வினாடிக்கு இத்தனை அதிர்வு என்று கணக்கிடுவது வழக்கம். பேசும்போது ஆண் குரலின் அடிச் சுருதி சுமார் 100 அதிர்வு. பெண் குரலுக்குச் சுமார் 200. குரலின் கனமும் உயிரெழுத்துக்களின் பலமும் பெரும்பாலும் 1,000 அதிர்வுக்குக் கீழே அடங்கும். ஆனால் ஒரு மெய்யெழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்ணிய அடையாளங்கள் 1,500-க்கு மேலே தொடங்கி 4,000 வரை போகின்றன. ஸகரம் போன்ற சீறும் ஒலிகள் அதற்கும் மேலே. இந்த மேல் பகுதியில் சக்தி மிகக் கொஞ்சம். ஆனால் அர்த்தம் முழுவதும் அதிலேதான் இருக்கிறது. தேரை நகர்த்துவது நூறு பேருடைய பலம்; திருப்புவது ஒரு சிறு முட்டுக்கட்டை. அதைப் போலத்தான் இதுவும்.

வயது ஆக ஆக, காது முதலில் இழப்பது இந்த மேல் பகுதியைத்தான். கீழே உள்ள கனத்த ஓசைகள் முன்போலவே கேட்கும். ஆகவே முதியவர்கள் "சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை" என்று சொன்னால் அது முற்றிலும் உண்மை. இதற்கு மேல் இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. தாழ்ந்த ஓசை பலமாக இருந்தால் உயர்ந்த ஓசைகளைக் கேட்க விடாமல் மூடிவிடும். உயர்ந்த ஓசை தாழ்ந்ததை அவ்வளவாக மூடுவதில்லை. இளைஞர்கள் 'பேஸ்' என்று கொண்டாடுகிறார்களே, அந்த இடி முழக்கம் வூஃபரிலிருந்து கிளம்பிப் பாட்டின் மெய்யெழுத்துக்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறது. இளங்காது எப்படியோ ஊகித்துக்கொள்கிறது. அப்பாயியின் காதால் முடியவில்லை. கொல்லைப்புறத்தில் வூஃபர் இல்லை. அதனால் அங்கே எல்லாம் விளங்குகிறது. பேரனுடைய சந்தேகம் நியாயமானதே.

இப்போது சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். "அந்தக் காலத்தில் கருவி மட்டம், அதனால் பாட்டும் மட்டமாகத்தான் கேட்டிருக்கும்" என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-ல் கல்கத்தாவில் ஆரம்பமாயிற்று. அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய ஊதுகுழலின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு பாட வேண்டும். அந்த ஒலியின் பலமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். 2,500 அதிர்வுக்கு மேல் உள்ளதில் பெரும்பகுதி அந்தக் குழலில் ஏறவே ஏறாது. தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷந்தான் ஓடும். அந்த மூன்று நிமிஷத்தின் கடைசியில் கௌஹர் ஜான் அம்மையார் தம் பெயரையும் உரக்கச் சொல்லி முடிப்பாராம். தட்டு அச்சாவது ஜெர்மனியில். பாடியவர் யார் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா? இன்றைக்கும் அந்தப் பெயர், கரகரப்பின் நடுவே, தெளிவாகக் கேட்கிறது.

1925-ல் மின்சாரப் பதிவு வந்தது. மைக்கும் வந்தது. ஆயினும் நம் நாடக மேடையில் பழகிய பாடகர்கள், கொட்டகையின் கடைசி வரிசைக்குச் சொல்லைக் கொண்டு சேர்க்கும் பழக்கத்தை விடவில்லை. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொடுத்த தட்டுக்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கவாத்தியம் இரண்டு மூன்று. குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். வல்லினம் வல்லினமாகவே வந்து விழும். தட்டைச் சுற்றுவது கையால் முறுக்கிய வில். பாடுவது எஃகு ஊசி. மின்சாரமே இல்லாத கிராமத்தில் கல்யாணப் பந்தல் முழுவதும் அது கேட்கும். வாட் கணக்குப் பார்க்கப் போனால் இன்றைய கைப்பேசிகூட அதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனாலும் சொல் போய்ச் சேர்ந்தது.

தட்டுக்களின் செல்வாக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று போதும். பாரதியாருடைய பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வியாபாரியின் கையில் இருந்தது. கிராமபோன் தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் அதை வாங்கினார். 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதியின் பாடல்களைப் பாடினார். 1949-ல் சென்னை சர்க்கார் பாரதி பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியபோது செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பட்டம்மாளின் குரலில் அந்தப் பாடல்கள் வீட்டுக்கு வீடு பரவியதற்குக் காரணம் ராகம் மட்டுமா? ஒவ்வொரு சொல்லும் பளிங்குபோல் விளங்கியதனால் அல்லவா குழந்தைகள்கூட ஒரு தடவை கேட்டதும் பாடினார்கள்!

பிறகு ரேடியோ. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி ஆரம்பமாயிற்று. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்திய யூனியனுக்குக் கிடைத்த வானொலி நிலையங்கள் ஆறே ஆறு. அவற்றில் திருச்சியும் ஒன்று. கொள்ளிடக் கரைக் கிராமங்களுக்கு அதுதான் அண்டை வீட்டுக் குரல். மத்திய அலை ஒலிபரப்பில் 5,000 அதிர்வுக்கு மேல் அதிகமாக எதுவும் வருவதில்லை. ஆயினும் என்ன நடந்தது? 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி நிலையம் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லி வந்தது. நாற்று விடும் காலம், உரத்தின் அளவு எல்லாம் வானொலி வழியாகவே வந்தன. தஞ்சை ஜில்லாவில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் ஏற்பட்டுவிட்டது. ஒரு சொல் மாறிக் கேட்டிருந்தால் ஒரு போகம் போயிருக்கும். போகவில்லை, விளைந்தது. ஒரு சிறிய பெட்டியில், ஒரே ஒரு ஸ்பீக்கரில், சொல் வயல் வரை போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மைக் நன்றாக வளர்ந்த பிறகு பாடகர்கள் உரத்துப் பாட வேண்டிய அவசியம் போயிற்று. ஏ. எம். ராஜாவையும் பி. பி. ஸ்ரீநிவாஸையும் போல, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுகிறவர்கள் தோன்றினார்கள். இது மைக் கொடுத்த வரம். மற்றொரு பக்கம் டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா. உச்சரிப்புக்கு இலக்கணம் என்று தமிழர்கள் இந்த இருவரையும் சொல்வது வழக்கம். முன்னவர் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னவர் ஆந்திர தேசத்து விஜயநகரத்தைச் சேர்ந்தவர். ழகரத்தைத் தமிழுக்கே உரியது என்று மேடையில் பெருமை பேசிவிட்டு வீட்டில் 'வாளப்பளம்' தின்னும் நம்மவர்களுக்கு, வேற்று மொழி பேசும் வீட்டில் பிறந்தவர்கள் அதை எப்படிச் சொல்வது என்று பாடிக் காட்டினார்கள். திருக்காவலூரில் முன்பு நடந்ததும் இதுவேதான்.

அப்புறம் வந்த மாறுதல்கள் நேயர்களுக்குத் தெரிந்தவையே. 1963-ல் ஐரோப்பாவில் தோன்றிய காஸெட், 1980-களில் நம் ஊர்த் தேநீர்க் கடைகளையெல்லாம் பாட வைத்தது. 1978-ல் வந்த 'ப்ரியா', ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படங்களில் ஒன்று. இளையராஜா அமைத்த பாட்டுக்களில் பேஸ் கிடார் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் அழகை ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கரில்தான் அனுபவிக்க முடியும். 1992-ல் 'ரோஜா' வந்தபோது, ஒவ்வொரு வாத்தியமும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் தனித் தனியே விளங்கியதைக் கேட்டு நாடே வியந்தது. ஆகவே, கனத்த ஓசையே கூடாது என்றோ, புதுப் பாட்டெல்லாம் குப்பை என்றோ சொல்லும் கட்சியில் நாம் சேரவில்லை. பேஸ் என்பது சாப்பாட்டில் உப்பு மாதிரி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேதான். ஆனால் உப்பையே சோறாகப் போட்டால்?

இக்காலப் பாட்டுக்களில் பலவற்றைப் பற்றி நமக்குள்ள குறை ஒன்றே ஒன்று. மெல்லிய இடம், உரத்த இடம் என்ற வித்தியாசமே இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் ஒரே உச்சத்துக்கு நெருக்கி ஏற்றிவிடுகிறார்கள். பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கேட்பதற்கு அது சௌகரியம். வீட்டில் கேட்டால் நாலாவது பாட்டில் தலை வலிக்கிறது. குரல் வாத்தியக் கூட்டத்துக்குள் நின்று மூச்சுத் திணறுகிறது. கவிஞர் இரவெல்லாம் கண் விழித்து எழுதிய சொல்லைக் காசு கொடுத்து வாங்கி, பிறகு அதை யாரும் கேட்காதபடி மூடி வைப்பது என்ன சிக்கனமோ, நமக்குப் புரியவில்லை.

நிற்க. ஏலாக்குறிச்சி அன்பர் செய்ய வேண்டியவை இவை. எதற்கும் காசு செலவில்லை.

முதலாவது, வூஃபரை மூலையிலிருந்து வெளியே இழுத்து வையுங்கள். இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலை, கனத்த ஓசையைப் பன்மடங்கு பெருக்கும். பிறகு அதன் குமிழைப் பாதிக்குக் கீழே திருப்புங்கள். முதல் நாள் இளைஞர்களுக்கு எதையோ பறிகொடுத்ததுபோல இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் பழையபடி கேட்கப் பிடிக்காது.

இரண்டாவது, பழைய பாட்டுக்களை ஆறு பெட்டிகளிலும் சிதற விடாதீர்கள். அவை ஒரே குரலாகப் பதிவானவை. அவற்றை நாலு மூலையிலிருந்தும் எதிரொலிக்கச் செய்யும் பொத்தானை அணைத்துவிட்டு, முன்னே உள்ள இரண்டு பெட்டிகளை மட்டும் பாட விடுங்கள். சினிமாப் படம் பார்க்கும்போது பேச்சுப் பெரும்பாலும் நடுப் பெட்டியில்தான் வரும். அதன் அளவை மட்டும் ஒரு படி உயர்த்துங்கள்.

மூன்றாவது, பெட்டிகளை உட்கார்ந்திருப்பவர்களின் காது மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உயர்ந்த ஓசை டார்ச் விளக்கின் ஒளியைப்போல நேராகப் போகும் சுபாவம் உள்ளது. பெட்டி பீரோவின் மேலே இருந்தால் சொல் உத்தரத்துக்கும் பல்லிக்கும் போய்ச் சேரும்.

நான்காவது, கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். 'டங்' என்று ஓசை தங்கினால் குற்றம் அறையினுடையது. கண்ணிமைக்கும் நேரமே ஒரு மாத்திரை என்றும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்றும் நம் இலக்கணக்காரர்கள் அளந்து வைத்தார்கள். சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரையும் உள்ள வெற்று அறை, ஒவ்வொரு குறிலையும் இழுத்து நெடிலாக்கிவிடுகிறது. தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, சுவரோரம் புத்தக அலமாரி, இவை போதும். ஆயிரக் கணக்கில் செலவழித்துக் கருவியை மாற்றுவதைவிட இது அதிகப் பலன் தரும்.

இவ்வளவும் செய்தபின் அப்பாயியைக் கூடத்துக்கு அழைத்து, முன் வரிசையில் உட்கார வைத்து, வானொலிச் செய்தியை அளவான ஒலியில் வையுங்கள். அவர் காதால் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அவருக்குத் தெரியாத ஒரு பாட்டு; தெரிந்த பாட்டை மனசே பூர்த்தி செய்துவிடும். வாலை, வாளை, வாழை என்ற மூன்றையும் அந்தப் பெட்டி மூன்றாகவே சொல்லுகிறதா என்று பாருங்கள். விளங்கிவிட்டால் வழக்கு அப்பாயியின் பக்கம் தீர்ந்தது. வீட்டார் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இவ்வளவுக்குப் பிறகும் செய்தி விளங்கவில்லையென்றால், அப்போது காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். முறையாகச் சோதித்துப் பார்த்து, வேண்டுமென்றால் அவர் சொல்லும் காது மெஷினை வாங்குங்கள். தாமதிக்கவும் வேண்டாம், கடைத்தெருவில் கிடைத்ததை வாங்கி மாட்டவும் வேண்டாம். ஒலியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது வைத்தியம் ஆகாது.

இனிமேல்தான் வாங்கப் போகிறோம் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வாட் கணக்கைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு காலத்தில் பெட்டிகளின்மேல் 'பி.எம்.பி.ஓ.' என்ற பெயரால் ஆயிரக் கணக்கில் வாட் அச்சடித்து விற்றார்கள். அந்த எண்ணுக்கும் உள்ளே இருந்த சரக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருந்ததில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும்; காதுக்கு அது ஒரு சிறு படி. இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரணமாகக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கு ஒன்றிரண்டு வாட்டே செலவாகிறது. ஆகையால் கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கி, ஆறு பங்கை ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கருக்கும், மூன்று பங்கை ஆம்ப்ளிஃபயருக்கும், மிச்சத்தைக் கம்பிக்கும் பெட்டி வைக்கும் பலகைக்கும் கொடுங்கள். ஆறு மட்டமான பெட்டிகளைக் காட்டிலும் இரண்டு நல்ல பெட்டிகள் மேல். மெல்லிய டெலிவிஷனோடு வரும் ஸ்பீக்கர் பெரும்பாலும் தரையையோ சுவரையோ பார்த்துப் பேசும். அதை நம்பிப் பாட்டுக் கேட்பது, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவரிடம் கதை கேட்பதற்குச் சமானம்.

கடைக்குப் போகும்போது வீட்டில் வயதில் மூத்தவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள் என்பது நம்முடைய கடைசி யோசனை. அறுபதும் எழுபதும் கண்ட காதைப்போல நேர்மையான பரீட்சைக் கருவி எந்தக் கடையிலும் விற்பதில்லை. அவருக்குச் சொல் விளங்குகிற பெட்டியில் பேரனுக்கு நாதமும் நன்றாகவே கேட்கும். பேரனுக்குப் பிடித்த பெட்டியில் அவருக்குச் சொல் விளங்கும் என்பது நிச்சயமில்லை. கூடத்தில் ஒரு பெட்டி பாடினால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்கிறார்கள். அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பாட்டி ஒரு பழங்கதை சொல்லுகிறார். இந்தக் காலத்தில் அதுவே ஒரு பெரிய பாக்கியம்.

ஆளுக்கு ஒரு ஜோடி இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, ஒரே பாயில் உட்கார்ந்தபடி ஆறு பேர் ஆறு பாட்டுக் கேட்கும் குடும்பங்களைப் பற்றியும் சில நேயர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.